பொட்டு ஒட்டிய கீ

சேவுகப்பெருமாள் அண்ணனிடம் போய், "தெரியாம ஒரு கீய அமுக்கிட்டேன்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மனிதருக்குக் கோபம் வந்துவிடும். அமுக்கினவர் மேல் வராது, தன் மேலேயே வரும். "தெரிஞ்சு அமுக்குங்க, தெரியாம அமுக்குங்க, அது உங்க விரலு. எதை அமுக்குனாலும் விழாம நிக்கணும், அதுக்குப் பேருதான் புரோகிராம். விழுந்துச்சுன்னா என் தப்பு" என்பார். சொல்லிவிட்டு அன்றைக்கே அந்த அரிசி மில்லுக்கோ உரக்கடைக்கோ பஸ் ஏறிவிடுவார்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நடுவில் ஒரு தட்டியை வைத்து மறித்து, ஒரு பாதியை அவருக்குக் கொடுத்திருந்தேன். என் பக்கம் எந்நேரமும் சந்தைக் கூச்சல். சாதிச் சான்றிதழ், பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று ஆட்கள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் பக்கம் ஒரு கறுப்புத் திரை, ஒரு மின்விசிறி, அவர். அவ்வளவுதான்.

அரிசி மில், எடைமேடை, உரக்கடை, சவுக்கு மரக் கிட்டங்கி என்று சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவர் எழுதிக் கொடுத்த புரோகிராமை வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி வரும். பதிலை அடித்து எண்டர் தட்ட வேண்டும். அடுத்த கேள்வி வரும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, ஒரு பகட்டும் கிடையாது. "என்னண்ணே, ஊரே போனைத் தடவிக்கிட்டு இருக்கு, நீங்க இன்னும் கரும்பலகையில எழுதிக்கிட்டு இருக்கீக" என்று சீண்டுவேன். "தடவுறதுல எதைத் தொட்டோம்னு தொட்டவனுக்கே தெரியாதுத்தா. கீ அப்படி இல்ல. அமுக்குனா அமுக்குனதுதான்" என்பார்.

எனக்குப் புரியாது என்று சொன்னாலும் விட மாட்டார். டீ வரும் நேரத்தில் பிடித்துக்கொள்வார். எழுத்துக் கீ ஒன்றை அமுக்கினால் ஓர் எழுத்துதான் போகுமாம். அம்புக்குறிக் கீ அப்படியில்லையாம். அது மூன்று எழுத்தாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகுமாம். அந்த மூன்றில் முதல் எழுத்து, மூலையில் இருக்கிற எஸ்கேப் கீயின் எழுத்தேதான். முதல் எழுத்து வந்த உடனே புரோகிராம் இது எஸ்கேப்தான் என்று முடிவு கட்டிவிட்டால் எல்லாம் கெட்டது. பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று கண் சிமிட்டும் நேரம் அது காத்திருக்க வேண்டும். வந்தால் அம்பு. வராவிட்டால் எஸ்கேப். "எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்கிறதுதான் மாரி கஷ்டமே" என்பார். நான் தலையாட்டிக்கொண்டே டீயைக் குடித்து முடித்துவிடுவேன்.

அவர் எழுதிய எல்லாவற்றிலும் எஸ்கேப் என்றால் ஒரே அர்த்தம்: வேண்டாம். போட்ட எடை தப்பா, எஸ்கேப். வந்த ஆள் போய்விட்டாரா, எஸ்கேப். கழனிவாசல் பக்கம் ஒரு மில்லில் கணக்கராக இருந்த கருத்தையா ஒருநாள் வந்து முகத்தைச் சுளித்தார். "எஸ்கேப்ப அமுக்குனா வெளிய வர யோசிக்குதுங்க. லாரிக்காரன் கத்துறான்." அண்ணன் உடனே அந்தக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார். மில்லுக்கு மட்டுமில்லை, எல்லாப் புரோகிராமிலும். கீபோர்டும் கணினியும் ஒரே மேசையில் இருக்கிற இடத்தில் அந்த மூன்று எழுத்தும் ஒட்டிக்கொண்டேதான் வரும் என்பதால் ஒரு குறையும் வரவில்லை. கருத்தையாவுக்குப் பரம சந்தோஷம்.

அண்ணன் குடியிருந்தது கொத்தமங்கலத்தில். ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்து போவதோடு சரி. வீட்டைப் பார்த்துக்கொள்வது அண்ணனின் மனைவி ரோகிணி மதினியின் பொறுப்பு. சன்னல்களைத் திறந்து மூடுவது, முற்றத்தைக் கழுவுவது, சாமி அறையில் விளக்கேற்றுவது எல்லாம் அவர்தான். அண்ணன் நாள் முழுக்கப் பேசுவதை மதினி ஒரே மூச்சில் பேசி முடித்துவிடுவார். அந்த வீட்டுச் சுவர்கள் அத்தனை கனம். உள்ளே போனில் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டாது. பேச வேண்டுமென்றால் முற்றத்துக்கு வர வேண்டும். மதினி முற்றத்தில் நின்று போனில் பேசினால் இங்கே தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

அவர்களுக்கு ஒரே மகள், சுபலட்சுமி. சிவகங்கையில் மருந்துக் கடையில் வேலைக்குப் போன பிள்ளை, அங்கேயே உதயகுமார் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாலையோடு வந்து நின்றாள். வேறு ஆட்கள். மதினி நிலைவாசலில் நின்று இரண்டு கையாலும் மறித்தார். "நானா என் வாயால கூப்பிடுற வரைக்கும் இந்த நிலையை மிதிக்காதே" என்று தெருவே கேட்கச் சொன்னார். அண்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பக்கம் அழைப்பு என்பது லேசான காரியமில்லை. பத்திரிகை வீடு தேடி வந்தாலும், நேரில் வந்து வாயால் சொல்லாவிட்டால் சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்துக்கும் போக மாட்டோம். வாயால் வராதே என்று சொன்ன பேச்சை, சொன்ன வாய்தான் திரும்ப எடுக்க வேண்டும். வேறு யாரும் எடுக்க முடியாது. தாயும் மகளும் இதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. சுபா அப்பாவுக்குக் கடையில் போன் செய்வாள். "அம்மா சாப்பிட்டுச்சா? கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனதும் மதினி கேட்பாராம்: "இன்னைக்கு யாரும் போன் பண்ணாகளா?" "பண்ணாக." "என்ன சொன்னாக?" "நல்லாருக்காகளாம்." பெற்ற பிள்ளையைப் பக்கத்து ஊர்ப் பெரிய மனுசி மாதிரி மரியாதை வைத்துப் பேசிக்கொள்வார்கள். அண்ணன் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில், முகப்புச் சன்னலைத் திறந்துகொண்டிருந்த மதினி அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. நாக்கும் விழுந்துவிட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது, இடது கை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு சுபா ஓடிவந்தாள். அம்மா கண்மூடிக் கிடந்தபோது கதவோரம் நின்று பார்த்தாள். அம்மா கண் விழிப்பதற்குள் போய்விட்டாள். "அம்மா கூப்பிடட்டும்ப்பா, ஓடி வந்துர்றேன்" என்று அழுதாளாம். கூப்பிட வாய் இல்லாத தாயிடம் வாயால் அழைப்பு கேட்டாள் அந்தப் பெண். அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த நிலைவாசலில் அவள் பட்டது அப்படி.

"அண்ணே, நீங்களே அம்மா கூப்பிடுதுன்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லிருங்க. வந்து நின்னா எல்லாம் சரியாப் போயிரும்" என்றேன். அவர் என்னை ஏதோ களவு செய்யச் சொன்னதுபோல் பார்த்தார். "அவ அமுக்காத கீய அமுக்குனதா நான் எப்படித்தா எழுதுவேன்?" என்றார். இந்த மாதிரி மனிதரை என்ன செய்வது?

ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அந்த வேலையில் இறங்கினார். போனில் பட்டனைத் தொட்டால் பேசுகிற செயலிகள் இருக்கின்றன என்றேன். வாங்கிப் பார்த்தார். மதினியின் இடது விரல் நடுங்கியது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பேசியது. "கீதான் சரி" என்று முடிவு செய்துவிட்டார். ஒரு பழைய லேப்டாப்பைக் கட்டிலோரம் வைத்தார். அதில் மதினி அமுக்குகிற ஒவ்வோர் எழுத்தும் போன் இணைப்பு வழியாக ஒவ்வொன்றாக இங்கே கடைக் கணினிக்கு வந்து சேரும்படி அவரே எழுதினார். அங்கே வீட்டில் தெரிகிற கறுப்புத் திரைதான் இங்கேயும் தெரியும். திரையில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வரிசையாக நிற்கும். அம்புக்குறியால் நகர்ந்து போய் வேண்டிய எழுத்தில் எண்டர் தட்டினால் அது கீழே வந்து உட்காரும். அவர் இங்கிருந்து கேள்வி கேட்டால், மேல் அம்பு என்றால் சரி. எஸ்கேப் என்றால் வேண்டாம். வழக்கமான அவருடைய எஸ்கேப்.

மதினிக்குக் கண்ணாடி போடாமல் கீ தெரியாது. அதனால் மதினியின் பொட்டு அட்டையிலிருந்து ஒரு அரக்குப் பொட்டை எடுத்து மேல் அம்பில் ஒட்டினார். பகலில் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு மலையம்மாள் வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மதினி கண்ணைக் காட்டினால் தண்ணீரா தலையணையா என்று தெரியும். முற்றத்தை ஒட்டிக் காற்றோட்டமாகக் கட்டிலைப் போட்டு, லேப்டாப்பை வைத்து, அண்ணன் தன் முழங்கையைக் கீபோர்டின் மேல் போட்டு உருட்டிக்கூடச் சோதித்துப் பார்த்தாராம். எதற்கும் விழவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

முதல் வார்த்தை வந்த காலையில் நான் என் பக்கம் ஆட்களை விட்டுவிட்டு அங்கே போய் நின்றேன். ஓர் எழுத்து வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. "உப்பு." காலைக் கஞ்சியில் உப்பு இல்லையாம். "வாய் போயும் வாய் போகலையே மதினிக்கு!" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் தினமும் ஏதாவது வரும். "பூனை பால் குடிச்சிருச்சு." "சாமி ரூம் விளக்கு." "மாரியக் கேட்டேன்னு சொல்லுங்க." பஸ்ஸில் கூட்டமா என்பார், மத்தியானம் சாப்பிட்டீகளா என்பார். மனிதர் மில் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் அடிப்பார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் திரையில் "சு" என்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த எழுத்து வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த "சு"வும் அழிந்தது. "கேளுங்கண்ணே, நீங்களாக் கேளுங்க" என்று நான் அவர் கையைப் பிடித்து ஆட்டினேன். "அவளா எழுதட்டும்த்தா. வருவா" என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் விழுகிற தண்ணீர் கட்டில்வரை தெறித்தது. மலையம்மாளும் அண்ணனுமாகக் கட்டிலைத் தூக்கி உள் அறையில் போட்டார்கள். லேப்டாப்பும் இணைப்புப் போனும் கூடவே உள்ளே போயின. அதற்குப் பிறகு மதினியிடமிருந்து வார்த்தை வருவது குறைந்துவிட்டது. எழுத ஆரம்பித்தது பாதியில் நின்று, திரை பழையபடி ஆகிவிடும். "மழைக் குளிருக்குக் கை மரத்துப்போகுது போல" என்றார் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்படி ஒரு மழைநாள் காலையில் சுபா போன் செய்தாள். அவள் மாசமாக இருக்கிற விஷயம் அண்ணனுக்குத் தெரியும். மதினியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டார் அழைத்துப் போக வேண்டும். உதயகுமார் வீட்டில் கேட்டுவிட்டார்களாம். "இங்குட்டே வச்சுக்கிறதா, அங்குட்டு அனுப்புறதான்னு இன்னைக்குச் சொல்லணும்ப்பா. அம்மாக்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நீங்களா எதுவும் சொல்லிராதீக. நான் லைன்லயே இருக்கேன்."

அண்ணன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அடித்தார். இரண்டு தடவை அழித்து எழுதினார். "சுபா மாசமா இருக்கா. தலைப்பிரசவம். கூப்பிடவா?"

திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் பதில் வந்தது. "வேண்டாம்."

அவர் மறுபடியும் அடித்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு ரோகிணி. நம்ம பிள்ளை." இந்தத் தடவை உடனே வந்தது. "வேண்டாம்."

அவர் திரைக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மா வேண்டாம்னு சொல்லிருச்சுத்தா" என்று போனில் சொன்னார். சுபாவின் குரல் எனக்கும் கேட்டது. "சரிப்பா. கேட்டுச் சொன்னீகள்ல, அது போதும்." அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் அந்தப் பதிலுக்குக் கீழே ஓர் அடைப்புக்குறியும் ஓர் ஆங்கில எழுத்தும் வந்து விழுந்தன. திரும்பவும் அதே. திரும்பவும் அதே. இணைப்புக் கோளாறு போல என்று நினைத்தேன். அந்த எழுத்துகளைத் தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் என்னவென்று சொல்லக்கூடியவர் என் பக்கத்தில்தான் நின்றார். கண்ணெல்லாம் தண்ணீராகத் திரும்பி வந்தவர், திரையைப் பார்க்காமலே கணினியை அணைத்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது மதினி அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாராம். அவரைப் பார்த்ததும் லேப்டாப்பை இடது கையால் அடித்துத் தள்ளினாராம். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாராம். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்ததாம். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே என்கிறாள் என்று இவராக அர்த்தம் செய்துகொண்டு, "கேட்டது தப்புத்தான். இனி கேக்கல" என்று சொல்லி லேப்டாப்பை மூடி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். மதினிக்குத் தலையாட்ட முடியும். முகத்தைப் பார்த்து, கூப்பிடவா வேண்டாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அமுக்கினது அமுக்கினதுதான் என்று ஆயுசு முழுக்க நம்பின மனிதர். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

அந்த வாரம் முடிவதற்குள் மதினிக்கு இரண்டாவது தடவை வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

மாசமாக இருக்கிறவள் எழவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாமியார் வீட்டில் தடுத்திருக்கிறார்கள். அதையும் மீறி சுபா உதயகுமாரைக் கூட்டிக்கொண்டு காரில் வந்தாள். வந்தவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "உள்ள வாத்தா, தாய் முகத்தைப் பாரு" என்று பொம்பளைகள் கூப்பிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "இல்ல மாரியத்தை. அம்மா கூப்பிடல. கேட்டும் வேண்டாம்னுதானே சொல்லுச்சு" என்று மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். அண்ணன் நிலைவாசல் வரைக்கும் வந்து அவளைப் பார்த்தபடி நின்றார். வா என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. மதினியைத் தெருவுக்கு எடுத்து வந்த பிறகுதான் சுபா கிட்டப் போனாள். காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். மகளைப் பார்க்கத் தாய்தான் வாசலைத் தாண்டி வர வேண்டியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஒரு மத்தியானம் மலையம்மாள் அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள். "ஏண்ணே, அக்கா அம்புட்டுத் தடவ அமுக்கியும் அந்தப் பிள்ளை ஏண்ணே வரல?"

"எதை அமுக்குச்சு?"

"பொட்டு வச்ச பட்டனத்தான். அன்னைக்கு நீங்க எழுதிக் கேட்டீகள்ல, அதைப் படிச்சுட்டு அக்கா சிரிச்சுச்சு. அழுதுக்கிட்டே சிரிச்சுச்சு. உடனே பொட்டு வச்ச பட்டன அமுக்குச்சு. அப்புறம் என்ன ஆச்சோ, விடாம அமுக்குச்சு. விரல் வலிக்கும்க்கான்னு நான்தான் கையப் பிடிச்சேன்."

அண்ணன் எச்சில் கையோடு எழுந்துவிட்டாராம். கடையில் இருந்த எனக்குப் போன் வந்தது. "மாரி, என் பக்கம் போயி கம்ப்யூட்டரப் போடு. நான் சொல்றபடி கேள்வியை அடி." குரல் விட்டு விட்டு வந்தது. உள் அறையில் நின்று பேசுகிறார் என்று தெரிந்தது. அவர் சொல்லச் சொல்லத் தட்டுத்தடுமாறி அடித்தேன். கூப்பிடவா. எண்டர்.

"இப்ப நான் பொட்டு வச்சதை அமுக்குறேன். அங்க என்ன வந்து சேருது?"

"வேண்டாம்னு வருதுண்ணே."

"திரும்ப அடி."

அடித்தேன். "வேண்டாம்னுதாண்ணே வருது."

"கீழ... கீழ ஏதும் கிடக்கா?"

"ஒரு அடைப்புக்குறி. ஒரு ஏ. அன்னைக்கும் இப்படித்தாண்ணே கிடந்துச்சு."

அதற்குப் பிறகு போனில் வந்த சத்தத்தை அந்த மனிதரிடமிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். முற்றத்தோரம் கிடந்தவரை மூன்று எழுத்தும் ஒட்டிக்கொண்டே வந்தன. உள் அறையின் அந்தக் கனத்த சுவருக்குள் போனதும் இணைப்பு திக்கித் திணறியது. அம்பின் முதல் எழுத்து மட்டும் வந்து சேர்ந்தது, மற்ற இரண்டும், அந்த அடைப்புக்குறியும் ஏயும், பின்னால் தங்கிவிட்டன. கருத்தையாவுக்காகக் குறைத்த நேரம்தான் இதிலும் இருந்தது. புரோகிராம் காத்திருக்கவில்லை. மதினி சரி என்று அமுக்கினதை வேண்டாம் என்று எழுதிவிட்டது. எழுத முயன்றபோதெல்லாம் அம்பை அமுக்கின உடனே வெளியே தள்ளிவிட்டது. நாங்கள் கை மரத்துவிட்டது என்று நினைத்த நாட்களிலெல்லாம் மதினி உள்ளே கிடந்து போராடிக்கொண்டிருந்திருக்கிறார். "முழங்கையை உருட்டியெல்லாம் பாத்தேன் மாரி. உள்ள உக்காந்து பாக்கலையே" என்றார்.

சுபாவுக்குப் போன் செய்தார். "உங்கம்மா கூப்பிட்டுருச்சுத்தா. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்." அவள் நம்பவில்லை. "எனக்காகப் பொய் சொல்றீகளாப்பா? நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னுதானே நான் அன்னைக்கு வேண்டாம்ங்கிறதையே நம்புனேன்" என்றாள். "நம்ப வேணாம். நீயே வந்து அமுக்கிப் பாரு" என்றார்.

அவள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கடைக் கணினி அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும்படி அண்ணன் வைத்துவிட்டு வந்திருந்தார். நிலைவாசலுக்கு வெளியே சுபா நின்றாள். நிறைமாத வயிறு. இவர் உள்ளே நின்றார். "உங்கம்மா கூப்பிட்டுச்சு. நானும் கூப்பிடுறேன். வாத்தா" என்றார். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வார்த்தையை என்றைக்கோ சொல்லியிருக்க வேண்டும். சுபா நிலையைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

உள் அறையில் கட்டில் அப்படியே கிடந்தது. சுபா அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். மேல் அம்பில் பொட்டு பாதிதான் இருந்தது, மீதி தேய்ந்துபோயிருந்தது. திரையில் கேள்வி இருந்தது. சுபா மாசமா இருக்கா. தலைப்பிரசவம். கூப்பிடவா? அவள் அதை வாய்க்குள் படித்தாள். பொட்டின் மேல் விரலை வைத்து அமுக்கினாள்.

"வேண்டாம்."

திரும்ப அமுக்கினாள். கீழே அடைப்புக்குறி வந்தது. இன்னும் இன்னும் அமுக்கினாள். மலையம்மாள் வாசலில் நின்று, "இப்படித்தான், அக்காவும் இப்படித்தான்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சுபா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா இதைத்தான் பாத்துச்சாப்பா?"

"ஆமாத்தா."

"வரச் சொல்லுன்னு அமுக்கிட்டு, இதைத்தான் பாத்துச்சா?"

அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டார். அதன் வழியாகவே கடைக் கணினிக்குள் போய் அந்தக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். ஒரே ஓர் எண்தான் மாற்ற வேண்டியிருந்தது. கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்து மகள் பக்கம் நீட்டினார். சுபா அமுக்கினாள். திரை சும்மா இருந்தது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் வந்தது.

"சரி."

சுபா குனிந்து அந்தத் திரையைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டேம்மா, வந்துட்டேம்மா" என்று கத்தி அழுதாள். அந்த வீட்டுச் சுவர் எதையும் வெளியே விடாது. தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது.

பிரசவம் முடிகிற வரைக்கும் அவள் அங்கேயேதான் இருந்தாள். பெண் குழந்தை.

அண்ணன் இப்போதும் என் கடையின் மறுபாதியில்தான் உட்கார்ந்திருக்கிறார். டீ நேரத்தில் எனக்கு எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. எழுதிக்கொடுத்த இடத்துக்கெல்லாம் பஸ் ஏறிப் போய் அந்த எண்ணை மாற்றிவிட்டு வந்தார். போன வாரம் கருத்தையா வந்து தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "என்னங்க இது, எஸ்கேப்ப அமுக்குனா பழையபடி நின்னு யோசிக்குது?"

"பின்னால இன்னும் ஏதாச்சும் வருதான்னு பாக்குதுய்யா" என்றார் அண்ணன். "பாத்துட்டுப் போகட்டும்."